வெண்ணாற்றுப் பாலத்தில் வரும் டோலக்

கொரடாச்சேரி ரயில்வே கேட் தாண்டினால்
பாட்டு தொடங்கிவிடும்.
நான் தேர்ந்தெடுத்த பாட்டில்லை.
நடவுக்கு வந்த வடக்கத்திப் பையன்கள்
கடைசி சீட்டில் விட்டுப்போன பென்டிரைவில்
நாற்பது பாட்டு.
முப்பத்தொன்பதுக்கும் பஸ்ஸில்
யாராவது ஒருவர் தலையாட்டினார்கள்.
இது ஒன்றுதான் சீந்துவாரில்லாதது.
ஐப்பசி ஈரத்தில் செட்டின் பொத்தான் பொருமி
இதிலேயே நின்றுவிட்டது.

ஊரில் தீபாவளி நெருங்குகிறது,
என் மினிபஸ்ஸில் ஹோலி.
நாளைக்கு எட்டு நடை.

முதல் நாள், சந்தைக்கடை.
நூறு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்,
நடுவில் ஒருத்தி மூச்சு வாங்குகிறாள்.
கண்டக்டர் தட்சணாமூர்த்தி
தோளால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.
ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகும் ஜெயராக்கினி
"அண்ணே, இதுக்கு உங்க ஆரனே தேவலை" என்றாள்.

ஆறாவது நாளோ ஏழாவதோ,
கத்துகிற நூறு பேரில்
ஒருவன் மட்டும் கத்தவில்லை என்று தெரிந்தது.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
இடது ஸ்பீக்கரில் மட்டும் ஒரு டோலக்.
மற்ற மேளமெல்லாம் ஓடும்போது
அது நடக்கும்.
வலது ஸ்பீக்கர் கிழிந்து கிடந்ததால் கேட்டது.
நல்ல செட்டாக இருந்திருந்தால்
ஆயுசுக்கும் கேட்டிருக்காது.

பல்லவி முடிய ஐஸ் கம்பெனி.
நெல் கொள்முதல் நிலையத்துத் தார்ப்பாய்கள் தெரியும்போது
புல்லாங்குழல், கொஞ்சம் சுதி விலகி.
வெண்ணாற்றுப் பாலத்தில் முன்சக்கரம் ஏற
டோலக்.
வேகமாக ஓட்டினால் அது பாலத்துக்கு முன்னாலேயே மிச்சமில்லாமல்
பின்னால் போய் விழுகிறது,
அதாவது அக்கரையில், கூத்தாநல்லூர்க் கூச்சலில்.
அதனால் நாற்பதைத் தாண்டுவதில்லை.
முதலாளியிடம் ரோட்டில் பள்ளம் என்று சொல்லியிருக்கிறேன்.

டோலக் முடிந்ததும் அவள் குரல் இறங்கும்.
நூறு பேரும் வாயை மூடுவார்கள்.
நான்கே சொல்.
மதகில் பலகை இறக்கியதும்
எங்கே போவதென்று தெரியாமல் தண்ணீர்
ஒரு நொடி நிற்குமே,
அப்படி.
அந்த நான்கு சொல்லில் யாரோ
செத்திருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.
பேச்சை நிறுத்திக்கொண்ட என் தங்கை
அந்த இடத்தில் தினமும் எட்டு முறை
நினைவுக்கு வந்தாள்.

சவூதியில் இருபது வருடம் இருந்த நைனா முகம்மது
முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொன்னார்:
"தள்ளி நில்லுங்க, சாயம் பட்டுடும்கிறா.
அவ்வளவுதான் தம்பி.
இந்தப் படத்த அங்க ரூம்ல போட்டாங்க.
இந்தப் பாட்டு வந்ததும் எந்திரிச்சு
சோறு வடிக்கப் போயிட்டோம்."

சிரித்தேன்.
திரும்பும் நடையில் அதே பாலம், அதே நான்கு சொல்.
சிரிப்பு வரவில்லை.
ஊரே நனைந்து நிற்கையில்
உலர்ந்த சேலையோடு ஒருத்தி
ஏன் ஓரமாக நிற்க வேண்டும்?
தள்ளி நில் என்கிறவர்கள்
எல்லோரும் சேலைக்காகவா சொல்கிறார்கள்?
அர்த்தம் தெரிந்தபின் பாட்டு
முன்னைவிடப் புரியாமல் போயிற்று.
எனக்கு அதில் வருத்தமில்லை.

நேற்று அடைமழை. ஃபியூஸ் போய்விட்டது.
வைப்பர் சத்தம், தகரக் கூரையில் மழை,
ஈரக் குடைகளின் வாடை.
"அப்பாடா" என்றாள் ஜெயராக்கினி.
யாரும் பேசவில்லை.

பாலத்தில் முன்சக்கரம் ஏறியது.
என் கட்டைவிரல் ஸ்டீயரிங்கில் தட்டியது.
அதே நொடியில்
படிக்கட்டில் நின்ற தட்சணாமூர்த்தி
தோல்பையை உள்ளங்கையால் தட்டினார்,
நடக்கிற தாளத்தில்,
நாலு தட்டு.
பைக்குள் சில்லறை குலுங்கியது.

பாட்டில் அந்த இடத்தில்
சலங்கை கிடையாது.
வைத்திருக்கலாம்.